"கிறிஸ்தவ நாடு" என்று சாசனத்தில் எழுதிக்கொண்டால் என்ன தவறு?

கெத்சமனே

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாடு, "நாங்கள் கிறிஸ்தவ நாடு" என்று தன் அரசியல் சாசனத்தில் எழுதிக்கொண்டால் அதில் என்ன தவறு? ஜாம்பியா 1991இல் அப்படி அறிவித்தது, 1996இல் சாசன முகப்புரையிலும் சேர்த்தது. சமோவா 2017இல் சாசனத்தைத் திருத்தி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரையே எழுதி வைத்திருக்கிறது.

கள்ளத்தராசு வைக்காதே, கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்காதே என்று கடைக்காரனுக்கும் முதலாளிக்கும் சொல்கிற வேதம், நாடாளுமன்றத்துக்கு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? "நம்பிக்கையை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா" என்று விசுவாசியிடம் மட்டும்தான் சொல்கிறார்கள். சோஷலிஸ்ட் தன் சோஷலிசத்தோடுதான் வருகிறார், தேசியவாதி தன் தேசியத்தோடுதான் வருகிறார். நாம் மட்டும் வெறுங்கையோடு வரவேண்டுமாம்.

சண்டைக்காகக் கேட்கவில்லை. நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

மணல்வீடு

சகோ, நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கிறீர்கள். விசுவாசி தன் விசுவாசத்தோடு அரசியலுக்கு வரலாமா? தாராளமாக வரலாம். அரசாங்கம் தனக்குக் கிறிஸ்துவின் பெயரைச் சூட்டிக்கொள்ளலாமா? இங்கேதான் எனக்குத் தயக்கம்.

காரணம் பழைய கதை. 313இல் மிலானில் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எடுத்த முடிவு, கிறிஸ்தவர்கள் உட்பட எல்லோரும் தங்கள் விருப்பப்படி வழிபடலாம் என்பது. அரசு யாருக்கும் மதத்தைக் கட்டளையிடவில்லை. 380இல் தியோடோசியஸ் போட்ட ஆணை வேறு வகை. நைசியா சங்கம் வகுத்த விசுவாசத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு மட்டுமே கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்ற பெயர், மற்றவர்கள் பைத்தியக்காரர்கள், கள்ளப் போதகத்தார். அதற்கு ஐந்து வருடம் கழித்து, 385இல், ஸ்பெயினின் ஆவிலா நகரப் பேராயர் பிரிசில்லியனை டிரையர் நகரில் தலை வெட்டிக் கொன்றார்கள். சட்டப்படி குற்றச்சாட்டு மந்திரவாதம். மேற்கே ஆண்ட பேரரசர் மாக்சிமஸிடம் அவர்மேல் குற்றம் சாட்டி நின்றவர்கள் சக பேராயர்கள். தூர் நகரத்துப் பேராயர் மார்ட்டின் பேரரசரிடம் மன்றாடிப் பார்த்தார், பலிக்கவில்லை.

சிங்கத்துக்குப் போடப்பட்ட சபை, இன்னொரு கிறிஸ்தவனை வாளுக்கு ஒப்புக்கொடுக்க ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

லூர்து_மைந்தன்

மணல்வீடு ஐயா, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அதே தியோடோசியஸ்தான் 390இல் தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று குவிக்க ஆணையிட்டார். மிலான் ஆயர் புனித அம்புரோஸ் என்ன செய்தார்? மனம்வருந்திப் பரிகாரம் செய்யாமல் நற்கருணை கிடையாது என்று பேரரசருக்கே கடிதம் எழுதினார். உலகத்தையே ஆண்டவர் அரச உடையைக் கழற்றிவிட்டு, கோவிலில் எல்லோர் முன்னாலும் அழுது பாவமன்னிப்புக் கேட்டார்.

பழைய ரோமைப் பேரரசர்களிடம் இப்படி யாராவது சொல்லியிருக்க முடியுமா? அரசன் கிறிஸ்தவனாக இருந்ததால்தான் ஆயரின் வார்த்தை அவனைத் தொட்டது. நாட்டின் மேல்மட்டத்தில் விசுவாசம் இருப்பதன் பலன் இது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணல்வீடு

நல்ல உதாரணம். அம்புரோஸ் எனக்கும் பிடித்தவர். ஆனால் அதற்கு இரண்டே வருடம் முன்பு, 388இல் நடந்ததையும் சொல்லவேண்டும்.

யூப்ரடீஸ் கரையில் காலினிகம் என்ற ஊரில் கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று யூதர்களின் ஜெப ஆலயத்தைக் கொளுத்திவிட்டது. அந்த ஊர்ப் பேராயரே தன் செலவில் அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று தியோடோசியஸ் ஆணையிட்டார். நியாயமான ஆணை. அம்புரோஸ் விடவில்லை. கடிதம் எழுதினார், ஆராதனையில் பேரரசரை வைத்துக்கொண்டே பிரசங்கித்தார், ஆணையை ரத்து செய்வதாக வாக்குக் கொடுத்தால்தான் பலிபீடத்துக்குப் போவேன் என்று நின்றார். பேரரசர் பணிந்தார். ஜெப ஆலயத்துக்கு நஷ்டஈடு இல்லை.

அதே பேராயர், அதே பேரரசர், அதே ஆயுதம். ஒருமுறை படுகொலைக்குக் கணக்குக் கேட்கப் பயன்பட்டது, ஒருமுறை தீ வைத்தவனைக் காப்பாற்றப் பயன்பட்டது. அம்புரோஸ் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அரசனின் கையைத் திருப்புகிற பலம் வந்துவிட்டால், பரிசுத்தவான்கூட அதைத் தன் ஆட்களுக்காகப் பயன்படுத்திவிடுகிறார். நம்மைப் போன்றவர்கள் கையில் அது வந்தால் என்ன ஆகும்?

பகுத்தறிவுப்_பித்தன்

கடவுள் நம்பிக்கை இல்லாதவன் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கெத்சமனே நண்பரே, உங்கள் கிறிஸ்தவ நாட்டில் நான் எங்கே நிற்பேன் என்று கேட்கப்போவதில்லை, அந்தக் கேள்வி உங்களுக்குப் பழகியிருக்கும். நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எந்தக் கிறிஸ்தவம்? 1527இல் சூரிச் நகரில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது குற்றம். தண்டனை கொடுத்தது சீர்திருத்தச் சபையின் நகர மன்றம். 1660இல் பாஸ்டனில் மேரி டயர் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்துகொண்டு, தடையை மீறித் திரும்பத் திரும்ப ஊருக்குள் வந்தது குற்றம். தூக்கிலிட்ட பியூரிட்டன்கள் யார்? இங்கிலாந்தின் அரச சபையின், அதாவது அரசோடு இணைந்த திருச்சபையின், கெடுபிடி தாங்காமல் கடல் கடந்து வந்தவர்கள்.

இதில் ஒரு நாத்திகன்கூட இல்லை பாருங்கள். கொன்றவரும் பைபிள் வைத்திருந்தார், செத்தவரும் வைத்திருந்தார்.

கெத்சமனே

பித்தன், 1527க்கும் 1660க்கும் போனால் எந்தக் கொள்கை தப்பிக்கும்? நாத்திக அரசுகள் 20ஆம் நூற்றாண்டில் செய்ததை நான் எடுத்து வைக்கட்டுமா? வேண்டாம், அந்தப் போட்டியில் யாருக்கும் பெருமை இல்லை.

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். டென்மார்க்கில் லூத்தரன் சபை சாசனப்படியே தேசிய சபை. இங்கிலாந்தில் அரசர்தான் சபையின் உச்ச ஆளுநர், நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் 26 பேராயர்களுக்கு இடம். அங்கெல்லாம் யாரையும் தூக்கில் போடவில்லையே. உலகத்திலேயே அதிகச் சுதந்திரம் உள்ள நாடுகளில் அவையும் உண்டு. ஆக, அரச சபை இருந்தாலே கொடுமை வரும் என்ற வாதம் நிற்காது.

சட்டப்புள்ளி

கெத்சமனே சொல்வது சரி. அரச சபை இருந்தாலே கொடுமை என்பது தவறு. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குச் சபை கொடுத்த விலையைப் பார்த்தீர்களா?

1927இல் இங்கிலாந்துச் சபை தன் ஜெபப் புத்தகத்தைத் திருத்தியது. சபையின் மன்றங்கள் ஒப்புக்கொண்டன, பிரபுக்கள் சபையும் ஒப்புக்கொண்டது. நாடாளுமன்றத்தின் மக்கள் சபை நிராகரித்தது. மாற்றங்கள் செய்து 1928இல் மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடி நிராகரிப்பு. ஒரு சபை தன் தேவனிடம் என்ன வார்த்தையில் ஜெபிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் அந்தச் சபையைச் சேராதவர்களும் உண்டு.

நார்வேயில் 2012 சாசனத் திருத்தம் வரும்வரை பேராயர்களை நியமித்தது அரசாங்கம். அமைச்சரவையில் பாதிக்கும் மேற்பட்டோர் சபை உறுப்பினர்களாக இருக்கவேண்டும் என்ற விதியும் அப்போதுதான் போனது. 2017இல் சபை தனிச் சட்ட அமைப்பானது. ஸ்வீடன் 2000ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே பிரித்துவிட்டது. சாசனத்தில் "கிறிஸ்தவ" என்று எழுதினால் அரசு சபைக்குக் கீழ்ப்படியும் என்று நினைக்கிறோம். நடைமுறையில் பெரும்பாலும் சபைதான் அரசின் ஒரு துறையாக மாறியிருக்கிறது.

சட்டக் கண்ணால் பார்த்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சாசனத்தில் இருக்கும் "கிறிஸ்தவ நாடு" என்ற வரிக்குச் சட்ட வலு உண்டா, இல்லையா? இல்லை என்றால் அது சுவரில் மாட்டிய படம். உண்டு என்றால், எது கிறிஸ்தவம் என்று கடைசியில் தீர்மானிக்கப்போவது நீதிபதி. ஞானஸ்நானம், விவாகரத்து, ஓய்வுநாள் பற்றியெல்லாம் நீதிபதி போதகராகித் தீர்ப்பு எழுதுவார். அதுவா உங்களுக்கு வேண்டும்?

கெத்சமனே

அமெரிக்காவில் அதையும்தான் செய்துவிட்டார்களே. 1962இல் பள்ளி ஜெபத்தை நீதிபதிகள்தானே எடுத்தார்கள்?

சட்டப்புள்ளி

அந்த வழக்கைச் சற்று நெருங்கிப் பாருங்கள். நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 ஆங்கில வார்த்தைகளில் ஒரு ஜெபத்தை எழுதிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. சர்வவல்லவரை நம்பியிருக்கிறோம், எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நாட்டையும் ஆசீர்வதியும் என்பது அதன் சாரம். இயேசுவின் பெயர் இல்லை. பாவம் இல்லை, கிருபை இல்லை, சிலுவை இல்லை. எல்லா மதத்தாருக்கும் ஒத்துப்போகும்படி அதிகாரிகள் வடிகட்டிய ஜெபம்.

அரசாங்கம் ஜெபம் எழுதினால் இப்படித்தான் இருக்கும். உச்சநீதிமன்றம் சொன்னது, உத்தியோகபூர்வமான ஜெபத்தை இயற்றுவது அரசின் வேலை இல்லை என்பதுதான். ஒரு மாணவன் தானாகக் கண்மூடி ஜெபிப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

அப்புறம், அந்த நாட்டில் சபையையும் அரசையும் பிரிக்கிற சுவரை நாத்திகர்கள் கட்டினார்கள் என்ற பேச்சு நம் வட்டாரத்தில் நிறைய. 1780களில் வர்ஜீனியாவில் கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி போடலாம் என்று மசோதா வந்தது. பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசன் 1785இல் அதை எதிர்த்து எழுதினார். அவரோடு மனுப்போட்டு நின்றவர்களில் பாப்திஸ்துகள் ஏராளம். உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காக அவர்களுடைய போதகர்களை அதே வர்ஜீனியா சிறையில் போட்டிருந்தது. மசோதா விழுந்தது, 1786இல் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. அதிபர் ஜெபர்சன் 1802இல் "பிரிவினைச் சுவர்" என்று எழுதிய கடிதமும் டான்பரி பாப்திஸ்துகளுக்குப் போன பதில்தான். அவர்கள் வாழ்ந்த கனெக்டிகட்டில் அப்போது வேறொரு சபை அரச சபையாக இருந்தது. சுவர் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் முழங்காலில் நின்றவர்கள்.

தபித்தாள்

எல்லோரும் சட்டமும் பேரரசர்களுமாகப் பேசுகிறீர்கள். நான் அடிமை வியாபாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் கூட்டங்களில், அந்த வியாபாரத்தை எதிர்த்த இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் பெயர் வராத வருடமே இல்லை. ஒரு விசுவாசி நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் பாருங்கள் என்று சொல்வோம். உண்மைதான். 1807இல் வியாபாரம் தடை, 1833இல் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையே ஒழிப்பு.

ஆனால் அந்த இங்கிலாந்து ஏற்கெனவே "கிறிஸ்தவ நாடு" தானே! பேராயர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அந்தச் சபையின் மிஷனரி சங்கத்துக்கே பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம் சொந்தம். உயிலில் வந்த சொத்து. அடிமைகளோடு வந்தது. அந்த அடிமைகளின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் "சொசைட்டி" என்று முத்திரை குத்தினார்கள். சுவிசேஷம் பரப்புகிற சங்கத்தின் பெயர், சுட்ட தோலில்.

எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பியது? 1787இல் லண்டனில் பன்னிரண்டு பேர் சேர்ந்து அடிமை வியாபார ஒழிப்புக் குழு தொடங்கினார்கள். அதில் ஒன்பது பேர் குவேக்கர்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மறுப்பவர்கள் என்பதால் நாடாளுமன்றத்தில் உட்காரவே முடியாதவர்கள். கையெழுத்து வாங்கினார்கள், துண்டுப் பிரசுரம் போட்டார்கள், வில்பர்போர்ஸுக்குத் தகவல் திரட்டிக் கொடுத்தார்கள். வில்பர்போர்ஸ் அரச சபைக்காரர்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அரசின் சலுகை எதுவும் இல்லாத ஒன்பது பேர் இல்லாமல் அவர் பேச்சுக்குப் பின்னால் யாரும் திரண்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலை. ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அடைக்கலம் தேடி ஆலயத்துக்குள் ஓடியவர்களை ஆலயத்துக்குள்ளேயே வெட்டினார்கள். சாசனத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அது நின்றிருக்குமா? என்னால் நம்ப முடியவில்லை.

லூர்து_மைந்தன்

தபித்தாள் சகோதரி, ருவாண்டா விஷயத்தில் 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். குருக்களும் துறவியரும் சிலர் உடந்தையாக இருந்தார்கள் என்பது எங்களுக்கு ஆறாத வலி.

எங்கள் பக்கம் நடந்த மாற்றத்தையும் சொல்கிறேன். 1864இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் வெளியிட்ட தவறுகளின் பட்டியலில், திருச்சபையும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் ஒரு தவறு. நூற்றியொரு வருடம் கழித்து, 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மத விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அந்த உரிமை மனித மாண்பிலிருந்தே வருகிறது என்று அறிவித்தது. அதற்காக உழைத்த இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மரே 1950களில் இதே கருத்துக்காக வாய்ப்பூட்டுப் போடப்பட்டவர். கம்யூனிச நாட்டிலிருந்து வந்த போலந்து ஆயர் கரோல் வொய்த்திவாவும் அதை ஆதரித்தார். அரசு மதத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அயர்லாந்தில் 1937 சாசனம் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் "தனிச்சிறப்பான நிலை" கொடுத்தது. 1972இல் மக்கள் வாக்கெடுப்பில் அதை நீக்கினார்கள். ஆயர்களே எதிர்க்கவில்லை. ஆனால் அந்தத் தனிச்சிறப்பின் நிழலில் நடந்த, பெண்களை அடைத்து வேலை வாங்கிய மகதலேனா சலவைக்கூடங்கள் பற்றி 2013இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அரசு தன் பொறுப்பைக் கன்னியர் மடங்களிடம் தள்ளியது, மடங்கள் வாங்கிக்கொண்டன, உள்ளே அடைபட்ட பெண்களுக்காகக் கேட்க ஆளில்லை. அம்புரோஸை எடுத்து வைத்தவன் நான்தான், அந்த வாதத்தை விடவும் இல்லை. ஆனாலும் அயர்லாந்தில் ஆயர்களும் அமைச்சர்களும் ஒரே பக்கம் நின்றபோது அம்புரோஸாக நிற்க யார் மிச்சம் இருந்தார்கள்?

கெத்சமனே

எல்லோரும் கனமாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது. எந்தச் சட்டமும் ஏதோ ஒரு நீதிநெறியின்மேல்தான் நிற்கிறது. கருவில் உள்ள குழந்தை, குடும்பம், வட்டி, மதுபானம், அகதி, மரண தண்டனை... இவற்றில் என் மனச்சாட்சி வேதத்தால் உருவானது. அதை நான் நாட்டுக்குச் சொல்லலாமா, கூடாதா? "வந்து பேசு, ஆனால் வேதத்தைக் கொண்டுவராதே" என்றால் அது என்னைப் பாதியாக வெட்டுவது.

மணல்வீடு

சொல்லலாம், சொல்ல வேண்டும். அதில் நான் உங்கள் பக்கம். வேதத்திலேயே இதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. இஸ்ரவேல் நாம் அறிந்த எந்த நாட்டையும்விட "தேவனுடைய நாடு". அங்கேகூட ராஜாவும் ஆசாரியனும் ஒரே ஆள் இல்லை. சவுல் பொறுமையிழந்து தானே தகனபலி செலுத்தினான், ராஜ்யம் போயிற்று. உசியா நல்ல ராஜா, கோபுரம் கட்டினான், துரவு வெட்டினான், விவசாயத்தை நேசித்தான். தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தபோது எண்பது ஆசாரியர்கள் வழிமறித்தார்கள். நெற்றியில் குஷ்டம் வந்தது.

நாத்தான் தாவீதின் அரண்மனைக்குள் போய், "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல முடிந்தது. எலியா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தில் நின்று ஆகாபைக் கேட்க முடிந்தது. ஆனால் அதே ஆகாப் காலத்தில் அரசன் வைத்திருந்த நானூறு தீர்க்கதரிசிகளும் உண்டு. போருக்குப் போகலாமா என்று கேட்டான், போம் என்று ஒரே வாயாய்ச் சொன்னார்கள். மிகாயா ஒருவன்தான் மாற்றிச் சொன்னான், அவனைச் சிறையில் போட்டு இடுக்கத்தின் அப்பம் கொடுத்தார்கள். நானூறு பேரும் கர்த்தரின் பெயரில்தான் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1934இல் ஜெர்மனியில் நடந்ததும் இதுதான். "ஜெர்மன் கிறிஸ்தவர்கள்" என்ற அணி சபையைத் தேசத்தோடும் இனத்தோடும் தலைவனோடும் கலக்கத் துணிந்தபோது, பார்மன் நகரில் கூடியவர்கள், இயேசு கிறிஸ்து ஒருவரே நாங்கள் கேட்கவேண்டிய தேவவார்த்தை என்று அறிக்கையிட்டார்கள். அவர்களும் யூதர்களுக்காகப் பேச வேண்டிய அளவுக்குப் பேசவில்லை, அது தனி வேதனை. ஆனால் அந்தச் சிறு கூட்டமாவது பேசியது. "தேசம் கிறிஸ்தவம்" என்று கொண்டாடியவர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

பகுத்தறிவுப்_பித்தன்

என் தரப்பில் ஒரு சலுகை. கெத்சமனே வேதத்தை மேற்கோள் காட்டி அவையில் பேசினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் வேதத்தின் ஆமோஸ் தீர்க்கதரிசியைச் சொல்லித்தான் பேசினார், நாத்திகனான எனக்கும் புரிந்தது. எனக்குப் புரியும்படி ஒரு காரணமும் கூடவே சொல்லுங்கள், அவ்வளவுதான். "கர்த்தர் சொன்னார், ஆகையால் உனக்கு அபராதம்" என்று மட்டும் வந்தால் நான் எப்படி வாதாடுவது?

தபித்தாள்

ஜாம்பியாவை யாரும் முடிக்கவில்லையே. அங்கே அறிவிப்பைச் செய்தவர் அதிபர் பிரெடெரிக் சிலுபா, மறுபடி பிறந்த கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டவர். பதவி போனபின் ஊழல் வழக்குகள். 2007இல் லண்டனில் ஒரு சிவில் வழக்கில் அரசுப் பணத்தை மோசம் செய்தார் என்று தீர்ப்பு. 2009இல் சொந்த நாட்டில் குற்ற வழக்கிலிருந்து விடுதலை. இரண்டையும் சொல்லிவிட்டேன், நீங்களே எடைபோடுங்கள். அந்த அறிவிப்புக்கு முன் அங்கிருந்த சபைகளைக் கலந்து பேசவில்லை என்ற குறையும் எழுந்தது. அதிபரைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால், அவர் "கிறிஸ்தவ நாட்டை"க் கேட்பதாக ஆகிவிடுகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

கெத்சமனே

அந்தக் கடைசி வரியை யோசிக்கிறேன். சமோவா செய்தது பாவம் என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை, அது அந்த ஜனங்களின் வாழ்க்கையோடு ஒட்டியது. ஆனால் நான் கேட்க விரும்பியது சாசனத்தில் எழுதும் வரியைவிட, அவைக்குள் வரும் விசுவாசியின் இடத்தைப் பற்றி என்று இப்போது படுகிறது. அப்படியானால் போதகரே தேர்தலில் நிற்கலாமா? சபையில் இதற்கு இரண்டு கட்சி இருக்கிறது.

லூர்து_மைந்தன்

எங்களுக்கு இது எளிது. அரசு அதிகாரத்தில் பங்கு தரும் பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. மாசசூசெட்சிலிருந்து அமெரிக்கக் காங்கிரஸில் பத்து வருடம் இருந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டிரைனன், 1980இல் உரோமையிலிருந்து உத்தரவு வந்ததும் மறுபடி போட்டியிடவில்லை. நிகராகுவாவில் அமைச்சராக இருந்த எர்னஸ்டோ கார்தெனால் பணியவில்லை. 1983இல் மனாகுவா விமான நிலையத்தில் மண்டியிட்டவரைத் திருத்தந்தை விரல் நீட்டிக் கண்டித்தார். பிறகு குருத்துவப் பணியிலிருந்து இடைநீக்கம். 2019இல்தான் அது நீங்கியது.

மணல்வீடு

நம் பக்கம் ஒரே விதி கிடையாது, சகோ. ஆபிரகாம் கைப்பரைப் பாருங்கள். நெதர்லாந்தில் போதகர். 1874இல் நாடாளுமன்ற உறுப்பினரானபோது போதகர் பணியை விட்டுவிட்டார். கட்சி தொடங்கினார், 1901இல் பிரதமரும் ஆனார். கிறிஸ்தவக் கட்சிதான், ஒளிவுமறைவே இல்லை. ஆனால் குடும்பம், பள்ளி, சபை, அரசு ஒவ்வொன்றுக்கும் தேவன் தனித்தனி அதிகாரம் கொடுத்திருக்கிறார், ஒன்று மற்றொன்றை விழுங்கக்கூடாது என்பது அவர் கொள்கை. கிறிஸ்தவப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் சம நிதி வேண்டும் என்று அவர் கட்சி போராடியது. 1917இல் அது கிடைத்தபோது, எல்லாத் தரப்புப் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

உங்கள் போதகர் நிற்கிறார் என்றால் முதலில் மேடையை விட்டு இறங்கட்டும். அப்புறம் ஓட்டுக் கேட்கட்டும்.

கெத்சமனே

எங்கள் போதகரா? நான் பெயர் சொல்லவே இல்லையே, சகோ! :)